லேகன் என்ற சொல்லும் சூசையின் பாரும்

"துபாஷின்னா என்ன சார் பெரிய வேலை? அங்கே சொன்னதை இங்கே சொல்லணும், இங்கே சொன்னதை அங்கே சொல்லணும், அவ்வளவுதானே?" என்று போன வாரம் ஒரு இளம் வக்கீல் என்னிடம் கேட்டார். நல்ல பிள்ளைதான். என் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவருக்கு இரண்டாவது தம்ளர் ஊற்றவில்லை. இனிமேல் கோர்ட்டில் எல்லாம் தமிழிலேயே நடக்கப்போகிறது, உங்களைப் போன்ற ஆட்கள் தேவைப்படமாட்டார்கள் என்றும் சொன்னார். நடக்கட்டும், அதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் அந்த 'அவ்வளவுதானே'யை மட்டும் சும்மா விட எனக்கு மனசில்லை.

நான் நெய்யூர்ப் பக்கத்துக்காரன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக்காரப் போதகர் இங்கிலீஷில் பிரசங்கம் செய்யும்போது பக்கத்தில் நின்று தமிழாக்கிச் சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. பிறகு ஒரு பரீட்சை, ஒரு சிபாரிசு, ஒரு வருஷம் சம்பளமில்லாத வேலை. திருவிதாங்கூர் மகாராஜாவின் கோர்ட்டில் துபாஷியாகிவிட்டேன். படித்த கதை இவ்வளவுதான். கற்றுக்கொண்ட கதை அதற்குப் பிறகுதான் வருகிறது.

எங்கள் வேலையின் சிரமம் இங்கிலீஷ் அல்ல. வக்கீல்மார் பேசுகிற இங்கிலீஷ். சீமையிலேயே செத்துப்போன சொற்களையெல்லாம் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்து வந்து இங்கே உலவ விடுவார்கள். முதலில் நான் இருந்தது முன்சீப் கோர்ட். அங்கே ஒரு பாகப்பிரிவினை வழக்கு. அண்ணன் தம்பி இருவர், ஒரு அக்கா. வக்கீல் எழுந்து, சொத்தையெல்லாம் 'ஹாட்ச்பாட்டில்' போட வேண்டும் என்றார். ஆளுக்கு ஆள் முன்பே வாங்கிக்கொண்டதையும் ஒன்றாகச் சேர்த்து, அப்புறம் சமமாகப் பிரிப்பது என்று அதற்குப் பொருள். பழைய காலத்தில் இறைச்சியும் காயும் ஒன்றாய்ப் போட்டு வேகவைக்கிற பண்டத்துக்கு அங்கே அந்தப் பெயர். நான் கூண்டில் நின்ற அக்காவிடம், "அவியல் மாதிரி எல்லாத்தையும் ஒரே சட்டியிலே போட்டுப் பிறகு விளம்பணும்னு சொல்லுகாரு" என்றேன். அந்த அம்மாள் வக்கீலை ஒரு பார்வை பார்த்தாள். "அவியல்னா சரிதான். தம்பி வாங்கிக் குடிச்ச கள்ளுக்கடைக் கடனையும் அதுல போடச் சொல்லுகாரே, அவரு வீட்டு அவியல்ல பாவக்காயா போடுகாவ?" என்று கேட்டாள். கோர்ட்டே சிரித்தது. முன்சீப் மட்டும் சிரிக்காமல், கடனைப் பற்றிய அந்தக் கேள்வி நியாயமானது என்று எழுதிக்கொண்டார்.

அங்கிருந்து என்னை மாஜிஸ்டிரேட் கோர்ட்டுக்கு மாற்றினார்கள். மாஜிஸ்டிரேட் பெயர் நீலகண்டபிள்ளை. நாஞ்சில் நாட்டுக்காரர். மூக்குப்பொடி போடுவார், கோபம் வந்தால் இரண்டு தரம் போடுவார். அவருடைய மேஜையில் சட்டப் புத்தகத்துக்குப் பக்கத்தில் அட்டை பிய்ந்த ஒரு தடித்த இங்கிலீஷ் அகராதி எப்போதும் இருக்கும். காலையில் கோர்ட் கூடுவதற்கு முன்னால் என்னை உள்ளே கூப்பிடுவார். குட்மார்னிங் எல்லாம் கிடையாது. "வேய், இண்ணைக்கு ஓவர்மாரோ" என்பார். நான் அதற்குத் தமிழ் சொல்ல வேண்டும்.

ஓவர்மாரோ என்றால் நாளைக்கு அடுத்த நாள். இங்கிலீஷ்காரர்கள் அந்தச் சொல்லை எப்போதோ தொலைத்துவிட்டு, இப்போது அதைச் சொல்ல ஒரு வாக்கியமே பேசுகிறார்கள். "நமக்கென்ன ஏமானே, மற்றநாள்னு ஒரே வார்த்தை கெடக்கே" என்றேன். மனிதருக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம். இன்னொரு நாள், 'ஸ்லப்பர்டிகல்லியன்' என்று பல் உடைகிற ஒரு சொல்லைப் போட்டார். அழுக்கும் சோம்பலுமாய் ஒன்றுக்கும் உதவாமல் திரிகிறவன் என்று பொருள். "மூதி" என்றேன். "அதெப்படி வேய், அவ்வளவு நீளச் சொல்லுக்கு இவ்வளவு குட்டியா?" என்று சண்டைக்கு வந்தார். "கூப்பிட்டுப் பாரும், போதுமான்னு தெரியும்" என்றேன். வாசலில் தூங்கிக்கொண்டிருந்த டபேதாரைப் பார்த்து, "எலே மூதி!" என்று ஒரு சத்தம் போட்டார். அவன் எழுந்து நின்று சல்யூட் அடித்தான். மாஜிஸ்டிரேட் தோல்வியை ஒப்புக்கொண்டார். தினமும் இந்தக் கூத்துத்தான். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அவர் லீவு போட்ட நாட்களில் காலை விடிந்த மாதிரியே இருக்காது.

அவருடைய கோர்ட்டில் இரண்டு கண்டிப்பான வழக்கங்கள் இருந்தன. கூண்டில் நிற்கிறவனிடம் ஒரு விஷயத்தை மொழிபெயர்த்துச் சொன்னால், அவன் தலையை ஆட்டினால் போதாது. தனக்குப் புரிந்ததைத் தன் வாயாலே திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கேள்வி. மற்றொன்று, கதவைச் சாத்தி வைத்து விசாரிப்பது கிடையாது. "ரகசியம் பேசணும்னா வீட்டுல இருந்து பேசணும். இது கோர்ட்டு" என்பார். கூண்டில் நிற்கிறவன் வெட்கத்தாலோ பயத்தாலோ குரலைத் தாழ்த்திப் பேசினால், துபாஷி காதோடு கேட்டுக்கொள்ளலாம். ஆனால் துபாஷி சொல்வது கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்க வேண்டும்.

இப்படிப்பட்ட கோர்ட்டுக்குத்தான் முட்டத்திலிருந்து சூசை வந்து சேர்ந்தான். நங்கூரம் திருடியதாக வழக்கு.

நடந்தது இது. மழைக்காலத்துக்கு முன்னால் குளச்சலுக்கு ஒரு சரக்குக் கப்பல் வந்திருந்தது. திடீரென்று காற்று மாறியதால் நங்கூரத்தைத் தூக்க நேரமில்லாமல் கப்பல்காரர்கள் சங்கிலியோடு கடலில் விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அதற்கு மேலே ஒரு மிதப்பைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கடல் அடங்கி அவர்கள் திரும்பியபோது மிதப்பும் இல்லை, நங்கூரமும் இல்லை. அதே சமயம் முட்டத்தில் சூசை என்கிற மீன்பிடிக்காரன் மிதப்புக் கட்டிய ஒரு நங்கூரத்தைக் கடலிலிருந்து தூக்கிக் கரையில் போட்டிருக்கிறான் என்று கப்பல் ஏஜெண்டின் காதுக்கு எட்டியது. ஏஜெண்டு வெளியூர்க்காரர், கோட்டும் கழுத்துப்பட்டையுமாக இருப்பார். அவருடைய குமஸ்தா சூசையின் ஊர்தான், ஆனால் வேறு தெரு. அவன் அண்ணன் தம்பிமாரும் மீன்பிடிப்பவர்கள்தான். அவன் மூலமாகத்தான் விஷயம் போனது. போலீஸ் வந்தது. நங்கூரத்தைக் கோர்ட்டுக்குத் தூக்கி வர முடியாததால் அது கரையிலேயே கிடந்தது. மாஜிஸ்டிரேட்டே ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். காவலுக்கு ஒரு கான்ஸ்டபிள். அவர் நிற்கும்போதே ஊர்ப் பெண்கள் அதன்மேல் வலை உலர்த்தினார்கள்.

விசாரணை அன்று கோர்ட்டில் நிற்க இடமில்லை. முட்டத்திலிருந்து பாதிக் கரையும் வந்திருந்தது. முன்வரிசையில் சூசையின் மனைவி திரேசாள், நிறைமாதக் கர்ப்பிணி, கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கப்பலின் கேப்டனும் வந்திருந்தார். தாடி நரைத்த வெள்ளைக்காரர். சீமையின் வடக்குக் கடற்கரைக்காரராம்.

ஏஜெண்டின் வக்கீல் எழுந்து தன் சரக்கை அவிழ்த்தார். கடலில் கிடைக்கிற பொருள் நான்கு வகை. கப்பல் உடைந்து தானாக மிதந்து வருவது பிளாட்சம். பாரம் குறைக்கக் கப்பல்காரனே தூக்கி எறிவது ஜெட்சம். கைவிடப்பட்டு நாதியற்றுக் கிடப்பது டெரலிக்ட். நான்காவது லேகன்: முங்கிக் கிடக்கும், ஆனால் உடையவன் திரும்பி வருவான் என்பதற்கு அடையாளமாக மேலே மிதப்புக் கட்டியிருக்கும். அதைத் தொட்டால் திருட்டு. "இந்த நங்கூரம் லேகன்" என்று மேஜையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

மாஜிஸ்டிரேட்டின் முகம் மலர்ந்தது. அவருக்கு இதைவிட நல்ல விருந்து உண்டா? ஒரே நாளில் நான்கு சொல். என்னைப் பார்த்து, "ஒவ்வொண்ணா சொல்லும் வேய், அவசரப்படாண்டாம்" என்றார்.

நான் சூசையிடம் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, கடைசி வகையைத் தன் வாயால் திருப்பிச் சொன்னான்: "சாமானம் அடியில கெடக்கும். மேல மெதப்பு கெடக்கும். கெட்டினவன் வருவான். அவனுக்குத்தான் அது. எடுத்தா களவு. செரிதான், எங்க கரையிலும் அப்பிடித்தான்."

"மிதப்பு கெடந்தது உள்ளதா?" என்றார் மாஜிஸ்டிரேட்.

"உள்ளது ஏமானே."

"அதக் கெட்டினது ஆரு?"

சூசை வாயைத் திறந்தான். பின்பெஞ்சுகளைப் பார்த்தான். அங்கே ஏஜெண்டின் குமஸ்தாவும் அவன் ஆட்களும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். சூசை வாயை மூடிக்கொண்டான்.

மாஜிஸ்டிரேட் மறுபடியும் கேட்டார். பதில் இல்லை. அவனுடைய வக்கீலே கெஞ்சினார். பதில் இல்லை. "பதில் சொல்லல்லேன்னா, கப்பல்காரன் கெட்டினதுன்னு நான் எடுத்துக்கிட வேண்டியதுதான். பிறகு ஜெயில்தான், கேட்டியா?" என்றார் மாஜிஸ்டிரேட். முதல் தரம் பொடி போட்டார். சூசை கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கல்லாக நின்றான். அவன் முகம் திருடன் முகமாக இல்லை. சொல்ல முடியாத ஒன்றைத் தொண்டையில் வைத்துக்கொண்டு நிற்கிறவன் முகம்.

திரேசாள் எழுந்துவிட்டாள். "வாயத் தொறந்து சொல்லித் தொலையுமே! ஒமக்குப் பாரு பெருசா, எனக்க வயித்துல கெடக்க பிள்ள பெருசா? நீரு செயிலுக்குப் போனா எனக்க கூட ஆரு இருக்கா?"

"இரி ஏட்டி!" என்றான் சூசை. "செயிலுக்குப் போனா நான் ஒரு நாளு திரும்பி வருவேன். பாரு வெளிய போனா திரும்பி வருமா?"

டபேதார் சத்தம் போட்டு அவளை உட்காரவைத்தான். எனக்கு அப்போதுதான் விளங்கியது. கடலுக்கு அடியில் பாறை பரந்து கிடக்கிற இடத்தைப் பார் என்பார்கள். மீன் அங்கேதான் அடையும். கரையில் தெரிகிற மலை, கோயில், மரம் இவற்றை ஒன்றோடொன்று நேர் பார்த்து அந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த அடையாளம் குடும்பச் சொத்து. அப்பன் மகனுக்குச் சொல்லுவான், வேறு ஒரு குஞ்சுக்கும் சொல்லமாட்டான். சூசையின் வலை அவன் குடும்பத்துப் பாரில் இந்த நங்கூரத்தில் மாட்டியிருக்கிறது. ஒருவனாகத் தூக்க முடியாமல் மிதப்புக் கட்டி வைத்துவிட்டு, ஒத்தாசைக்குத் தன் குடும்பத்து ஆட்களையே கூட்டி வந்து தூக்கியிருக்க வேண்டும். மிதப்பு அவனுடையதுதான். ஆனால் 'நான் கட்டினேன்' என்று சொன்ன அடுத்த நொடி 'எங்கே?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்குப் பதிலாக ஜெயிலுக்குப் போகத் தயாராகிவிட்டான் அந்த மனுஷன்!

நான் மாஜிஸ்டிரேட்டிடம் இங்கிலீஷில் இதைச் சொன்னேன். அவர் இரண்டாவது தரம் பொடி போட்டார். ஆனால் கோபத்தில் அல்ல, யோசனையில்.

"கதவைச் சாத்துங்கள்" என்றார் சூசையின் வக்கீல்.

"சாத்த மாட்டேன். சாத்தினாலும் ஏஜெண்டும் குமஸ்தாவும் உள்ளேதானே இருப்பாங்க?" என்றார் மாஜிஸ்டிரேட். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு ஊர்ந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். "வேய், இவன் ஒம்ம காதுல சொல்லட்டும். நீரு கோர்ட்டுக்குக் கேக்கும்படி இங்கிலீஷ்ல சத்தமா சொல்லும். நாம காலம்பற சண்டை போடுகோமே, அந்த இங்கிலீஷ்ல."

சூசையிடம் போய், "எனக்குச் சொல்லு. நான் சொல்லப்போறது இங்கே கேப்டனையும் ஏமானையும் விட்டா ஒருத்தனுக்கும் விளங்காது. வேதத்துமேல ஆணை" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். என் கண்ணுக்குள்ளேயே பார்த்தான் என்று சொல்ல வேண்டும். பிறகு குனிந்து, உப்பும் மீனும் மணக்கிற மூச்சோடு, என் காதில் அவன் குடும்பத்துச் சொத்தைச் சொன்னான்.

நான் நிமிர்ந்து நின்று பேசினேன். என்ன பேசினேன் என்பதை இங்கே எழுதமாட்டேன். சில சொற்களை மட்டும் வரிசை மாற்றிச் சொல்கிறேன், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. சிலுவைக்கு ரூட். கலங்கரை விளக்குக்கு ஃபேரஸ். கடலுக்குள் நீண்ட முனைக்கு நெஸ். தண்ணீர் மட்டத்தில் தலை காட்டுகிற பாறைக்கு ஸ்கெரி. கப்பலின் இடது பக்கத்துக்கு லார்போர்டு. இவற்றையெல்லாம் கோத்து, போதகர் ஜெபம் சொல்கிற கம்பீரத்தில் நான் முழங்கினேன். குமஸ்தா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏஜெண்டுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இது என்ன பாஷை?" என்று எழுந்தார்.

"இங்கிலீஷ்தான்" என்றார் மாஜிஸ்டிரேட். "கொஞ்சம் வயசான இங்கிலீஷ். புரியல்லேன்னா ஒம்ம கேப்டன்கிட்ட கேளும்."

கேப்டன் முதலில் சிரித்தார். தன் பாட்டன் காலத்துப் பேச்சை இந்த நாட்டில், கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவன் வாயில் கேட்பேன் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி, விரலால் மேஜையில் கோடு போட்டுப் பார்த்தார். திரேசாள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த இடத்தில் என் நங்கூரம் இருக்க முடியாது" என்றார் கேப்டன். "அங்கே என் கப்பல் போயிருந்தால் அந்தப் பாறை அடியைக் கிழித்திருக்கும். நானும் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டேன். இது வேறு ஏதோ பழைய கப்பலின் நங்கூரம். என்னுடையது இன்னும் குளச்சல் கடலிலேயேதான் கிடக்க வேண்டும்."

ஏஜெண்டு அவர் காதில் ஏதோ கேட்டார். அந்த இடம் எங்கே என்று கேட்டிருப்பார். கேப்டன் சத்தமாகவே பதில் சொன்னார்: "கப்பல் ஓட்டுகிறவனுக்குத்தான் அது வேண்டும். உமக்கு வேண்டாம்." எனக்கு அந்தத் தாடிக்காரரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

மாஜிஸ்டிரேட் சூசையிடம், "இப்பம் சொல்லு. கெட்டினது ஆரு?" என்றார்.

"நான்தான் ஏமானே! நான் கெட்டினது! எனக்க மரத்துக் கட்டைய வெட்டி நான்தான் கெட்டினேன்!" என்று கத்தினான். அடக்கி வைத்திருந்த எல்லாம் அந்தச் சத்தத்தில் வந்துவிட்டது. திரேசாள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

சூசை இடத்தைச் சொன்னான், கேப்டன் அது தம் இடமல்ல என்று ஒப்புக்கொண்டார் என்று மட்டும் பதிவாயிற்று. இடம் எது என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. லேகன் அல்ல, டெரலிக்ட். நாதியற்ற நங்கூரம் சர்க்காருக்கு, தூக்கியவனுக்கு வெகுமதி, சூசைக்கு விடுதலை. தீர்ப்பை வாசித்து முடித்து எழுந்தபோது மாஜிஸ்டிரேட் என்னிடம், "ஸ்கெரியை நல்ல எடத்துல போட்டீர் வேய்" என்றார். அவர் வாயிலிருந்து நான் வாங்கிய ஒரே புகழ்ச்சி அது.

வெளியே வந்தால் சூசை எனக்காகக் காத்து நிற்கிறான். முகத்தில் சந்தோஷம் பாதி, கவலை பாதி.

"ஒமக்குத் தெரிஞ்சு போச்சே" என்றான்.

"மறந்துபோவேன்" என்றேன்.

"அதெப்பிடி மறக்கும்? எங்க அப்பன் எனக்கு ஒரு தரம்தான் சொன்னாரு. எனக்கு மறக்கல்லியே."

"அப்படின்னா மாஜிஸ்டிரேட்டுக்கும் தெரியுமே, அவரை என்ன செய்யப்போறே?"

"ஏமானை விடும். நங்கூரம் பாக்க வந்த அண்ணு, கரையோரம் நின்ன வள்ளத்துல ஏறினதுக்கே கொடல் வெளிய வந்துட்டு. அவரு கடலுக்கு வரமாட்டாரு. தாடிக்காரரு கப்பலேறிப் போயிருவாரு. நீரு இஞ்சதானே கெடப்பீரு?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை; எண்ணெய் தீர்ந்துபோச்சு என்று சொல்வதுபோல் கவலையாகச் சொன்னான். நான் என்ன சொல்லியும் அவன் சமாதானமாகவில்லை. தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டான்.

திரேசாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அது பிறந்த சில நாளில் சூசை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு நான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டுமாம். பார் குடும்பத்துக்கு வெளியே போகக்கூடாது. போனதைத் திரும்ப வாங்க முடியாது. ஆகையால் என்னைக் குடும்பத்துக்குள் இழுத்துவிட வேண்டியதுதான் என்று தீர்மானம் செய்திருக்கிறார்கள்! ஆனால் அவர்களுடைய பங்குச் சாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. நான் வேறு சபைக்காரன், ஞானத்தகப்பனாக நிற்க எனக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிட்டார். சாமியார் சொன்னதும் நியாயம்தான். சூசை இடிந்துபோனான்.

திரேசாள் இடிகிற ஜாதி இல்லை. பிள்ளைப்பேறு முடிந்து முதன்முதலாக வீட்டைவிட்டு இறங்கியவள், குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். "எனக்குக் கூடப்பெறந்த ஆணு கெடையாது. இண்ணு தொட்டு நீரு எனக்கு அண்ணன். இதுக்கு எந்தச் சாமியார்ட்டப் போய்க் கேக்கணும்?" என்று சொல்லிக் குழந்தையை என் மடியில் வைத்தாள். என் மனைவி ஜாய்ஸ் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களும் கடற்கரைக்காரர்களும் ஒரே பந்தியில் உட்காருவதே அபூர்வம். ஒரு சொல்லில் நான் அண்ணனாகிவிட்டேன்.

அந்தக் குழந்தைக்குக் காது குத்தினபோது தாய்மாமன் மடி என்னுடையதுதான். கம்மல் வாங்கினேன், துணி எடுத்தேன், முட்டத்துக்கு வில்வண்டி வைத்துக்கொண்டு ஜாய்ஸோடு போனேன். ஊரே எனக்கு மீன் பரிமாறியது. அந்தக் குமஸ்தா கூட வந்து என்னை மாமா என்று கூப்பிட்டான்; கூப்பிட்டுவிட்டு, கடலைப் பற்றி மெல்லப் பேச்சை எடுத்தான். நான் காதுகுத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது வண்டியில் ஜாய்ஸ் கடலைப் பார்த்தபடியே வந்தாள். கொஞ்சம் தூரம் வந்ததும் மெதுவாக, "அந்தப் பாரு எங்கதான் கெடக்கு?" என்று கேட்டாள்.

"அது குடும்ப விஷயம்" என்றேன்.

"நான் குடும்பம் இல்லியா?"

"நீ எனக்க குடும்பம். இது எனக்க தங்கச்சி குடும்பத்து விஷயம்."

ஜாய்ஸ் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.